பதினாறிலிருந்து பத்தொன்பது வரை

அனைவருக்கும் வணக்கம். உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர்கள், தினமும் காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிற அவை இது. அதனால் பேச்சை எளிமையாகவே வைத்துக்கொள்கிறேன்.

உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் ஜூனியர் பெண்களுக்கென்று தனியாக ஓர் ஓட்டம் உண்டு. 20 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓடுவது. தூரம் 6 கிலோமீட்டர். முன்னால் ஓடுபவர்கள் இருபது நிமிடம் போல எடுத்துக்கொள்கிறார்கள். நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. நம் செய்தித்தாள்களில் அதற்கு நான்கு வரி கிடைத்தாலே பெரிது. ஆனால் பெண்கள் நெடுந்தூர ஓட்டத்தில் நாம் இன்று வியந்து சொல்கிற பெயர்களில் எத்தனையோ பெயர்கள் அந்த இருபது நிமிடத்தில்தான் உலகத்துக்கு முதன்முதலில் தெரிய வந்தன. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு ஓட்டம் என்ன தரலாம், நாம் அவளுக்கு என்ன தர வேண்டும் என்பதை யோசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கிராஸ் கன்ட்ரி பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஓடுதளம் கிடையாது. புல், சேறு, மேடு, பள்ளம், சில ஊர்களில் மணல், சில ஊர்களில் பனி. 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் நடந்தபோது பாதையையே ஓர் அருங்காட்சியகத்தின் கூரை மேல் கொண்டுபோனார்கள். மோஸ்கார்ட் அருங்காட்சியகம். அதன் கூரை சரிவாகத் தரையிலிருந்தே எழும், மேலே முழுக்கப் புல். ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். அதோடு சேற்றுக்குழி, தண்ணீர், மணல் எல்லாம் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பாதையில் ஓடிவந்த ஜூனியர் பெண்களில் மூன்று பேருக்கு ஒரே நேரம் பதிவானது: 20 நிமிடம் 50 விநாடி. கென்யாவின் பியாட்ரிஸ் செபெட், எத்தியோப்பியாவின் அலெமிது தாரிகு, சிகே கெப்ரெசெலமா. யார் முதல் என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். செபெட் முதல்.

ஓடுதளத்தில் நேரம்தான் எல்லாம். இங்கே நேரத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. ஓர் ஊரின் சேற்றையும் இன்னோர் ஊரின் மேட்டையும் எப்படி ஒப்பிடுவது? எத்தனையாவதாக வந்தாய் என்பதே கணக்கு. அணிக் கணக்கும் அதை வைத்துத்தான். ஒரு நாட்டுக்காக ஆறு பேர் ஓடலாம், முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைவாக உள்ள நாடு வெல்லும். ஒரு நாட்டின் பெண்கள் முதல் நான்கு இடங்களையும் பிடித்தால் ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் சேர்ந்து பத்து. அதற்குக் கீழே யாரும் போக முடியாது.

இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், தன் அணியில் நான்காவதாக ஓடுகிற பெண். மொத்தத்தில் அவள் முப்பதாவதாக இருக்கலாம். பதக்கத்துக்கு வாய்ப்பில்லை, அவளைக் கேமரா காட்டாது. ஆனால் கடைசி இருநூறு மீட்டரில் அவள் மூன்று பேரைத் தாண்டினால் அணியின் கணக்கில் மூன்று குறைகிறது. வெண்கலமா நான்காவது இடமா என்பதை அவள்தான் தீர்மானிக்கிறாள். பல முறை அணிப் பதக்கம் வாங்கிய ஜப்பான் பெண்களைக் கவனியுங்கள். தனிப்பட்ட முறையில் முதல் சில இடங்களில் அவர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. நான்கு பேரும் அடுத்தடுத்து நெருக்கமாக வந்து சேர்கிறார்கள். பள்ளி நாளிலேயே எக்கிடென் என்கிற நெடுந்தூரத் தொடர் ஓட்டத்தில் அணிக்காக ஓடி வளர்ந்தவர்கள் அவர்கள்.

சரி, இந்த ஓட்டம் எப்படி வந்தது? 1973-இல் பெல்ஜியத்தின் வாரெஹெம் நகரில் இந்தச் சாம்பியன்ஷிப் இன்றைய வடிவில் தொடங்கியது. அன்றே ஆண்களுக்கு ஓர் ஓட்டம், ஜூனியர் ஆண்களுக்கு ஓர் ஓட்டம், பெண்களுக்கு ஓர் ஓட்டம் இருந்தன. ஜூனியர் பெண்களுக்கு இல்லை. பதினேழு வயதுப் பையனுக்கு அவன் வயதுக்காரர்களோடு ஓட இடம் இருந்தது. அவன் தங்கையோ முப்பது வயதுப் பெண்களோடு மோத வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் இப்படியே போயின. அந்தக் காலத்திலும் ஸோலா பட் மாதிரி ஒருவர் 18 வயதில், 1985-இல் பெரியவர்களோடு ஓடி வென்றார், மறு ஆண்டும் வென்றார். ஆனால் ஒரு ஸோலா பட்டைக் காட்டி மற்ற எல்லாப் பெண்களுக்கும் கதவைச் சாத்தி வைத்தது நியாயமா? 1989-இல் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில்தான் முதன்முறையாக ஜூனியர் பெண்கள் ஓட்டம் நடந்தது.

அப்புறம் 1992. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், தரையெல்லாம் பனி. அன்று வென்றவர் இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப். இரண்டாவது சீனாவின் வாங் ஜுன்சியா. மூன்றாவது கென்யாவின் லிடியா செரோமெய். மூன்று பதின்வயதுப் பெண்கள் ஒரு மேடையில் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டே வாங் 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடினார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் 30 நிமிடத்துக்குள் ஓடியதில்லை. அந்தச் சாதனை 2016 வரை நின்றது. அதன் மீது ஊக்கமருந்துச் சந்தேகமும் இன்றுவரை நிற்கிறது. ராட்கிளிஃப் 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். அதை 2019 வரை யாரும் தொடவில்லை.

இந்த ராட்கிளிஃப் சிறுமியாக இருந்தபோது ஒரு தேசியப் போட்டியில் 299-ஆவதாக வந்தவர். பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு ஆஸ்துமா. பதின்வயதில் ரத்தசோகையும் இருந்தது. பாஸ்டனுக்கு முந்தைய ஆண்டு இதே ஜூனியர் ஓட்டத்தில் 15-ஆவது இடம். 299-ஆவதாக வந்த நாளில் யாராவது அவரிடம், உனக்கு இது சரிப்படாது, படிப்பைப் பார் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஊர் மைதானங்களில் அந்த வாக்கியத்தை நான் காது நிறையக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவதாக நின்ற செரோமெய் கதை வேறு விதமானது. அதற்கு முந்தைய ஆண்டு, 1991-இல் ஆன்ட்வெர்ப்பில், அவர்தான் சாம்பியன். வயது 13. திரும்பச் சொல்கிறேன், பதின்மூன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது. அன்று உலகம் கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டலில் சேர மனமில்லை. அவர் பின்னாளில் நீண்ட காலம் ஓடினார். 2005-இல் ஊக்கமருந்துக்காக இரண்டு ஆண்டு தடை பெற்றார், திரும்பி வந்து 2012-இல் துபாய் மாரத்தானை 2 மணி 21 நிமிடம் 30 விநாடியில் ஓடினார். அது அவருடைய வாழ்க்கை. ஆனால் 13 வயதுக் குழந்தையை உலகப் பந்தயத்தில் இறக்கலாமா என்ற கேள்விக்கு இன்றைய விதி தெளிவாகப் பதில் சொல்கிறது: அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 16 வயது நிரம்பாதவர் இந்த ஓட்டத்தில் ஓட முடியாது. நல்ல விதி.

ஏன் நல்ல விதி என்று விளக்க வேண்டியது என் கடமை. இதை வெளிப்படையாகப் பேச நாம் கூச்சப்படுகிறோம், அந்தக் கூச்சத்தால் பாதிக்கப்படுவது பிள்ளைகள். ஒரு பெண்ணின் எலும்பு தன் வாழ்நாள் வலுவில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இந்தப் பதின்வயதில்தான். ஓட்டத்துக்குச் செலவாகும் சக்திக்குத் தகுந்த சாப்பாடு இல்லையென்றால் உடம்பு மற்ற வேலைகளைக் குறைத்துக்கொள்ளும். முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது எலும்பு மெலியும். காலில், இடுப்பில் மெல்லிய விரிசல்கள் வரும். மாதவிடாய் நின்றால் நன்றாகப் பயிற்சி செய்கிறாள் என்று அர்த்தம் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அது முழுத் தவறு. மாதக் கணக்கில் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இரும்புச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ஒரு பிள்ளையைப் பட்டினி போடுபவரிடம் உங்கள் மகளை அனுப்பாதீர்கள். பதினைந்து வயதில் வேகமாக ஓடிய பெண் பதினேழில் உடம்பு மாறும்போது ஓராண்டு, ஈராண்டு பின்தங்கலாம். அது வளர்ச்சி. அவளுக்கு அந்த ஆண்டுகளை விட்டுக்கொடுங்கள்.

நேரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபெய்த் கிப்யேகான். கென்யப் பெண். 2010-இல் போலந்தின் பிட்கோஷ் நகரில், 16 வயதில், வெறுங்காலோடு ஓடி நான்காவதாக வந்தார். மறு ஆண்டு ஸ்பெயினில், அதே வெறுங்காலோடு, முதலாவது. 2013-இல் மறுபடியும் பிட்கோஷ், இப்போது பனி மூடிய தரை, மறுபடியும் முதலாவது. அதன்பின் 1500 மீட்டரில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம்: ரியோ, டோக்கியோ, பாரிஸ். 2025-இல் 3 நிமிடம் 48.68 விநாடி என்ற உலக சாதனை.

1995-இல் பின்லாந்தின் அன்னெமாரி சாண்டெல் வென்றதற்குப் பிறகு கென்யா, எத்தியோப்பியா தவிர வேறு எந்த நாட்டுப் பெண்ணும் இதில் முதலாவதாக வந்ததில்லை. அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி எளிதாகக் கடந்துபோகிறோம். எத்தியோப்பியாவின் பெகோஜி ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய ஊர். திருனேஷ் திபாபா, அவர் தங்கை கென்செபே, இருவரும் அந்தப் பக்கம்தான். 2003-இல் அக்கா இந்த ஓட்டத்தை வென்றார், 2008-இலும் 2009-இலும் தங்கை. உயரம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் செந்தயேஹு எஷேது என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார், காலையில் பிள்ளைகளைக் கூட்டி ஓடச் சொன்னார், பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். மலை உயரமான ஊர்கள் உலகில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட ஆசிரியர்கள் குறைவு.

லெடெசென்பெட் கிடே என்றொரு பெண், எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதி. பள்ளியில் உடற்கல்வி வகுப்பில் ஓட மாட்டேன் என்று மறுத்ததற்காக அவரை வெளியேற்றியே விட்டார்கள். பிறகு ஓடுவதாகச் சொல்லித்தான் திரும்பச் சேர்ந்தார். அந்தப் பெண் 2015-லும் 2017-லும் ஜூனியர் சாம்பியன், பின்னர் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் உலக சாதனை. பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பியது சரி என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆசிரியர்களே! ஓட்டத்தை வெறுக்கிற பிள்ளைக்குள்ளும் ஓட்டம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2023-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில், பெரியவர்கள் ஓட்டத்தில், இந்தக் கிடேயும் ஆர்ஹஸில் வென்ற செபெட்டும் மோதினார்கள். இரண்டு முன்னாள் ஜூனியர் சாம்பியன்கள். கடுமையான வெயில். முடிவுக் கோடு கண்ணெதிரே தெரியும்போது கிடேதான் முன்னால். செபெட் நெருங்கித் தாண்ட, கிடே கால் தளர்ந்து கீழே விழுந்தார். ஒருவர் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கியதால் தகுதி நீக்கமும் ஆனது. செபெட் மறு ஆண்டும் வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். 10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள்ளும் 5,000 மீட்டரை 14 நிமிடத்துக்குள்ளும் ஓடிய முதல் பெண் அவரே.

இத்தனை சொன்ன பிறகு என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2011 வரை இந்தச் சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் நடந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். பெரியவர்களுக்கு அது தாங்கும். ஜூனியருக்கு இருப்பதே பதினாறிலிருந்து பத்தொன்பது வரை நான்கு ஆண்டுகள். கிப்யேகான் ஓராண்டு முன்னால் பிறந்திருந்தால் 2013-இல் வயது தாண்டியிருப்பார். கொரோனா வந்து 2021 போட்டி 2023-க்குத் தள்ளிப்போனபோது நிலைமை இன்னும் மோசம். 2003-இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் ஆர்ஹஸ் கிடைத்திருந்தால் உண்டு. 17, 18, 19 மூன்று வயதிலும் அவளுக்கு இந்தப் போட்டியே நடக்கவில்லை. அவள் பெயரை நாம் எந்தப் பட்டியலிலும் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்று. 2017-இல் கம்பாலாவில் பெரியவர்களுக்கு ஆண், பெண் இருவருக்கும் 10 கிலோமீட்டர் என்று சமமாக்கினார்கள். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் 2024-இல் பெல்கிரேடிலும் ஜூனியர் ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், ஜூனியர் பெண்களுக்கு 6 கிலோமீட்டர்தான். இருபது வயதில் 10 கிலோமீட்டர் ஓடலாம் என்று நம்பப்படுகிற பெண், பத்தொன்பதில் 8 ஓட மாட்டாளா? வளரும் உடம்புக்கு நேரம் கொடுங்கள் என்று சற்று முன் சொன்னேன். அதற்கும் இதற்கும் முரண் இல்லை. பிள்ளையை வருத்துவது பட்டினியும் அவசரமும் ஓய்வில்லாத பயிற்சியும். கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் அவளை ஒன்றும் செய்யாது. இரண்டு பேருக்கும் ஒரே தூரம் வையுங்கள், ஆண்டுதோறும் நடத்துங்கள் என்று உலகத் தடகள அமைப்பிடம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. நம் பள்ளி, மாவட்டப் போட்டிகளில் பெண் பிள்ளைகளுக்கு என்ன தூரம் வைத்திருக்கிறோம், ஏன் வைத்திருக்கிறோம் என்று இந்த அவையில் உள்ள ஆசிரியர்களிடம் கேட்க எனக்கும் உரிமை உண்டு. பதில் சொல்ல விரும்புகிறவர்கள் மேடைக்கு வாருங்கள், ஒலிவாங்கியை உங்களிடம் தந்துவிடுகிறேன்.