ரயில் பாதையோரக் கல்லடுப்பு: இத்தாலியத் தொழிலாளர்கள் ரொட்டி சுட்ட விதம்

[காட்சி: ஒக்கனகன் ஏரிக்கு மேலே மலைச்சரிவு. பைன் மரங்களுக்கு நடுவே அரைக்கோள வடிவில் ஒரு கல்மேடு.]

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், நரமாட்டா ஊருக்கு மேலுள்ள காட்டில் இப்படிப்பட்ட கல்மேடுகள் நிற்கின்றன. பார்த்தால் சமாதி போலிருக்கும். ஆனால் இவை ரொட்டி அடுப்புகள். 1915-ல் திறக்கப்பட்ட கெட்டில் வேலி ரயில் பாதையைப் போட வந்தவர்கள் கட்டியவை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் பழைய ரயில் முகாம்களை ஒட்டி இதே வகை அடுப்புகள் கிடைத்துள்ளன. பெரும்பாலும் இத்தாலியரின் கைவேலை என்றே கருதப்படுகிறது.

அவ்வளவு தூரம் அவர்கள் வந்தது எப்படி? 1882-ல் சீனத் தொழிலாளர்கள் வர அமெரிக்கா தடை போட்டது, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெளிநாட்டிலேயே ஒப்பந்தம் போட்டு ஆள் இறக்குவதை 1885-ன் சட்டம் தடுத்தது. ஆள்பிடிப்பு நிற்கவில்லை, பேரம் ஐரோப்பாவை விட்டு அட்லாண்டிக்கின் இக்கரையில், வட அமெரிக்க நகரங்களுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை நடத்தியவர் பத்ரோனே எனப்பட்ட கங்காணி. மான்ட்ரியலில் கனடியன் பசிபிக் ரயில்வேக்கு ஆள் பிடித்த அந்தோனியோ கோர்தாஸ்கோவுக்கு 1904 ஜனவரியில் ஊர்வலம் நடத்தி முடியே சூட்டினார்கள். அதே ஆண்டு அவர் விசாரணைக் கமிஷன் முன் நிற்க வேண்டியதாயிற்று.

வேலை வாங்கித் தரும் கமிஷனோடு கங்காணியின் வருமானம் முடியவில்லை. பல முகாம்களில் கடையும் அவர் கையில்தான். மளிகைக்கு அவர் வைத்ததே விலை, அது கூலியில் கழிந்துவிடும். நாள் முழுக்கப் பாறை உடைப்பவருக்கு ரொட்டிதான் பிரதான உணவு. மாவை வாங்கித் தாங்களே சுட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கேதான் புரிகிறது.

[காட்சி: அடுப்பின் குறுக்குவெட்டுப் படம்]

இப்போது கட்டுமானத்தைப் பார்ப்போம். தரையில் மணல் பரப்பி, மட்டம் பார்த்துத் தட்டைக் கற்களைப் பதிக்க வேண்டும். அதன்மேல் வட்டமாகக் கல் அடுக்கி, ஒவ்வொரு வரியையும் சற்று உள்நோக்கித் தள்ளினால் கூரை தானாகக் கூடும். இடுக்குகளில் களிமண். வாசலுக்கு மேலே நீளமான ஒற்றைக் கல். கடைசியில் மேலே மண் மூடினால் சூடு தங்கும்.

புகைபோக்கி கிடையாது. காற்று வாசலின் கீழ்ப்பகுதியில் நுழைகிறது, புகை அதே வாசலின் மேற்பகுதியில் வெளியேறுகிறது. அதனால் வாசல் உயரம் கூரை உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். உயர்ந்தால் சூடு ஓடிவிடும், தாழ்ந்தால் தீ மூச்சுத்திணறும்.

ஆற்றுக் கல்லைத் தவிர்க்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கிய கல் சூட்டில் வெடித்துச் சிதறும். புது அடுப்பிலும் முதலில் சிறு தீ மட்டும்தான். களிமண் காயாமல் பெருந்தீ போட்டால் கூரை விரிசல் விடும்.

[காட்சி: கரி படிந்த உட்கூரை மெல்ல வெளுக்கிறது.]

சுடுவதற்குச் சில மணி நேரம் உள்ளேயே விறகு எரியும். முதலில் கூரை முழுக்கக் கரி படியும். கல் நன்றாகச் சூடேறியதும் அந்தக் கரியே எரிந்து கூரை வெளுக்கும். அதுதான் அடையாளம். பிறகு கங்கு முழுவதையும் இழுத்துப்போட்டு, ஈரத் துடைப்பத்தால் தரையைப் பெருக்கி, வாசலை மூடிச் சற்று நேரம் விடவேண்டும். சூடு அப்போதுதான் சமமாகும். அவசரப்பட்டால் அடி கருகும், நடு வேகாது. ஒரு பிடி மாவைத் தரையில் தூவிப் பாருங்கள்: உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும், மெதுவாகச் சிவந்தால் ரொட்டியை வைக்கலாம். இனி தீயே இல்லை. கல் சேமித்த சூடுதான் வேலை செய்கிறது. மண்மூட்டம் மெல்லியதாக இருந்தால் முதல் ஈடு நன்றாக வரும், இரண்டாவது ஈடு வெளிறிப்போகும்.

[காட்சி: இடிந்த அடுப்பு]

இன்று காணும் அடுப்புகள் பலவற்றில் மழை களிமண்ணைக் கரைத்துவிட்டது. கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பலத்தில்தான் நிற்கின்றன. மேலே ஏறாதீர்கள், உள்ளே தீ மூட்டாதீர்கள், ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள்.