ரபாவுல் ஜீரோ: பெயின்ட் எங்கே உரியும், எங்கே உரியாது

[காட்சி: மேசை விளக்கின் கீழே 1/48 அளவில் ஒரு ஜீரோ விமான மாடல். மேலே பச்சை, கீழே சாம்பல். கேமரா இடது இறக்கையை நெருங்குகிறது.]

வணக்கம். இறக்கை உடலோடு சேருகிற இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். பச்சை உரிந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிகிறது. அந்தச் சாம்பலுக்குள்ளும் அங்கங்கே அலுமினியம் மின்னுகிறது. இப்போது அதே இறக்கையின் பின்விளிம்புக்கு வாருங்கள். விமானத்தைச் சாய்த்துத் திருப்ப உதவும் எய்லரான் இது. இதில் ஒரு வெள்ளிப் பொட்டுகூட இல்லை. மறந்துபோய் விட்டதல்ல, தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

ஜீரோவின் எய்லரான், மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதி எலிவேட்டர், இட வலமாகத் திருப்பும் ரட்டர் மூன்றுக்கும் மேலே போர்த்தியிருந்தது துணி. உலோகச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். துணி வெளுக்கும், கிழியும், அழுக்குப் பிடிக்கும். ஆனால் அதைச் சுரண்டினால் அலுமினியம் வராது. என்னுடைய முதல் ஜீரோவில் அங்கேயும் வெள்ளி தடவி வைத்திருந்தேன். பல மாதம் கழித்து ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து, தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கறையை இங்கே உண்டாக்கியது எது?

[காட்சி: பசிபிக் வரைபடம். நியூ பிரிட்டன் தீவு, ரபாவுல்.]

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியப் போர் விமானம். மிட்சுபிஷி நிறுவனத்தில் ஜிரோ ஹோரிகோஷி வடிவமைத்தது. முதல் முறை பறந்தது 1939 ஏப்ரல் 1 அன்று. 1940-இல் ஜப்பானியக் கடற்படை இதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் நாட்காட்டியில் அது 2600-ஆம் ஆண்டு. அதன் கடைசி எண்ணை வைத்துத்தான் ஜீரோ என்ற பெயர்.

நாம் செய்யப்போவது ஜீரோவின் ‘மாடல் 22’ என்ற வகை, இடம் நியூ பிரிட்டன் தீவில் ஜப்பானியத் தளமாக இருந்த ரபாவுல், ஆண்டு 1943. இந்த இடத்தையும் காலத்தையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் வரும் வேலை எல்லாமே இதைப் பொறுத்தது. அங்கே இருந்த ஜீரோக்கள் பல, தொழிற்சாலையிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்தவை. மேலிருந்து பார்க்கும் எதிரி விமானங்களுக்குத் தெரியாமல் இருக்க, அந்தச் சாம்பலின் மேல் தளத்திலேயே அவசரமாகப் பச்சை அடித்தார்கள். அவசரத்தில் அடித்த பெயின்ட், வெப்பமண்டல வெயில், மழை. அது நிற்குமா? உரிந்தது. ரபாவுலின் லகுனாய் விமானதளம் இருந்ததோ தாவுர்வுர் எரிமலைக்குப் பக்கத்தில். அதனால் சக்கரத்தில் ஒட்டும் தூசிகூட அங்கே எரிமலைச் சாம்பல்.

[காட்சி: கிட் பெட்டி திறக்கிறது. சட்டகத்திலிருந்து பாகங்களை வெட்டும் கைகள்.]

சரி, கட்டுமானம். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. விமானி உட்காரும் காக்பிட்டை முதலில் முடித்துவிட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு உள்ளே கை போகாது.

ஒட்டுவதற்கு மாடல் சிமென்ட் பயன்படுத்துங்கள். பெயர் சிமென்ட் என்றாலும் உண்மையில் அது கரைப்பான். இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் லேசாக உருக்கி, பிறகு ஆவியாகிவிடும். இரண்டும் ஒரே துண்டாகிவிடுகிறது. சிமென்ட் ஓடியதும் மெதுவாக அழுத்துங்கள். இணைப்பு நெடுக ஒரு மெல்லிய வரம்பு பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இணைப்பே தெரியாது. கண்ணாடி மூடிக்கு மட்டும் வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடியில் பால் போலப் படலம் படிந்துவிடும்.

[காட்சி: காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ். மாடல் முழுக்க வெள்ளி நிறம்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நிஜ விமானத்தில் பூச்சு எந்த வரிசையில் ஏறியதோ, அதே வரிசையில் நாமும் ஏற்றுகிறோம். அடியில் வெள்ளி லாக்கர், அதாவது தண்ணீரில் கரையாத பெயின்ட். அது நன்றாகக் காய்ந்ததும் சாம்பல் லாக்கர். அதற்கு மேலே, சாதாரண ஹேர் ஸ்ப்ரே. ஆமாம், தலைமுடிக்கு அடிப்பதேதான். மெல்லிய பூச்சாக இரண்டு முறை. அது காய்ந்ததும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பச்சை. பச்சையைத் தடிமனாக அடிக்க வேண்டாம். அங்கங்கே கொஞ்சம் சாம்பல் எட்டிப் பார்த்தால் நல்லதுதான், நிஜத்திலும் அப்படித்தான் அடித்திருந்தார்கள்.

[காட்சி: மிக அருகில், ஈரத் தூரிகை இறக்கையைத் தொடுகிறது.]

தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பச்சை காய்ந்ததும், அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள். ஒரு சின்ன இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்துவிட்டுக் காத்திருங்கள். அக்ரிலிக் பூச்சின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் இளகும், பச்சைக்குப் பிடிமானம் போய்விடும். இப்போது முடி வெட்டிக் குட்டையாக்கிய தூரிகையால் தட்டுங்கள், தேய்க்க வேண்டாம். ஓரம் கிழிந்தது போல, ஒழுங்கில்லாத ஒரு துளி பச்சை கழன்று வரும். கையால் வரைந்தால் இந்த ஒழுங்கின்மை வரவே வராது.

எங்கெல்லாம் தட்டுவது? விமானி இடது பக்கம்தான் ஏறினார். ஏறுவதற்கான படியும் கைப்பிடியும் அந்தப் பக்க உடலுக்குள் மடங்கி இருந்தன. அதனால் இடது இறக்கையின் அடிப்பகுதி அதிகமாகத் தேயும். இயந்திர மூடியின் விளிம்பு, துப்பாக்கிகளுக்குக் குண்டு நிரப்பத் திறக்கும் மூடிகள், இறக்கையின் முன்விளிம்பு. மெக்கானிக்கின் கை, கருவி, காலணி எதுவும் போகாத இடத்தில் கொஞ்சமாகத்தான் உரியும்.

அலுமினியம் தெரிய வேண்டிய இடங்களுக்கு, சாம்பல் ஏற்கெனவே வெளிப்பட்ட பகுதியின் நடுவில் வெள்ளி நிறப் பென்சிலால் புள்ளி வையுங்கள். இங்கே ஒரு கணக்கு முக்கியம். ஜீரோவின் ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனை வரை 12 மீட்டர். நம் மாடலில் 25 சென்டிமீட்டர். அப்படியென்றால், நாம் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெயின்ட் போன இடம். பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள்.

எய்லரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றையும் தொடாதீர்கள். அவற்றுக்குப் பதில் வெளுப்பு. வெள்ளையும் மஞ்சள் மண் நிறமும் கொண்ட ஆயில் பெயின்டை ஊசிமுனை அளவு புள்ளிகளாக வைத்து, தின்னரில் நனைத்துத் துடைத்த தூரிகையால் முன்னிருந்து பின்னாக இழுங்கள். உலோக இறக்கையைவிட ஒரு படி வெளிறித் தெரிந்தால் போதும்.

[காட்சி: ஹினோமாரு வட்டத்துக்கு மாஸ்க் ஒட்டுகிறார்கள்.]

ஜப்பானிய அடையாளச் சிவப்பு வட்டமான ஹினோமாருவை டெகாலாக, அதாவது அச்சிட்ட ஒட்டுப்படமாக ஒட்டுவதைவிட, சுற்றியுள்ள இடத்தை மறைக்கும் மாஸ்க் வெட்டிப் பெயின்ட் அடிப்பதே என் விருப்பம். பெயின்ட் என்றால் அதையும் வெளுக்க வைக்கலாம். எண்களுக்கு டெகால் போதும். ஒட்டும் முன் பளபளப்பான கிளியர் கோட் அடியுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அடியில் காற்று சிக்கி டெகால் வெள்ளியாக மினுங்கும்.

தகடுகள் சேரும் பேனல் கோடுகளுக்கு அடர்பழுப்பு எனாமல் வாஷ், அதாவது கோட்டுக்குள் ஓடும்படி நீர்த்த பெயின்ட். கறுப்பு வேண்டாம், பச்சையின் மேல் பொம்மை போல ஆகிவிடும். மிச்சத்தைக் காற்று ஓடும் திசையில் துடையுங்கள்.

[காட்சி: மாடல் தலைகீழாக. உடலின் அடிப்பக்கம்.]

அப்புறம் புகைக்கறை. இதிலும் விமானத்தின் வகை எண் முக்கியம். 22-இல் எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேர்ந்து, பக்கத்துக்கு ஒரு குழாயாக இயந்திர மூடிக்குக் கீழே வெளியேறும். அதனால் கறை இறக்கை அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு அடிவயிற்றின் பக்கமாக ஓடும். பின்னால் வந்த மாடல் 52-இல் குழாய்கள் தனித்தனி. அங்கே கறை வேறு மாதிரி. பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து அடிக்காமல், உங்கள் விமானத்தின் குழாய் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். மிகவும் நீர்த்த கறுப்பும் பழுப்பும் கலந்து, ஏர்பிரஷ்ஷில் ஐந்தாறு தடவை. குழாய்க்கு அருகில் நடுவில் மட்டும் ஒரு மெல்லிய சாம்பல் கோடு.

பளபளப்பைப் போக்கும் மேட் கோட் அடித்துவிட்டு, எரிமலைச் சாம்பல் நிறப் பொடியைச் சக்கரத்திலும் சக்கர மூடியின் கீழ்விளிம்பிலும் தடவுங்கள். இறக்கையின் மேலே தூசி வேண்டாம், ஏறியவர்களின் காலடி பட்ட அந்த இடது மூலையைத் தவிர.

[காட்சி: முகப்புக் கண்ணாடி. சாமணத்தால் மாஸ்க் டேப்பை உரிக்கும் கை. சில நொடி அமைதி.]

கடைசியாக, பெயின்ட் படாமல் கண்ணாடியை மறைத்திருந்த மாஸ்க். ஒரு மூலையைச் சாமணத்தால் தூக்கி, மெதுவாக, தாழ்வான கோணத்தில் இழுங்கள். சட்டத்தின் விளிம்பு கூராக வந்திருக்கிறது. உள்ளே, முதல் நாளில் பெயின்ட் அடித்த இருக்கையும் கருவிப் பலகையும் மறுபடி தெரிகின்றன.

[காட்சி: மாடல் மெதுவாகச் சுழல்கிறது. முற்றும்.]