குமாவுனில் ஒரு ஊர், இரண்டு இரவு

நேயர்களுக்கு வணக்கம். மலைக்குப் போனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? காலையில் ஒரு அருவி, மதியம் படகு, சாயங்காலம் ஒரு காட்சிமுனை. வண்டியை விட்டு இறங்கிப் படம் எடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறோம். உத்தராகண்டில் இருக்கும் குமாவுன் மலைகளுக்கு மட்டும் அப்படிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். சின்ன ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காலாற நடங்கள்.

டெல்லியில் ராத்திரி ரானிகேத் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் நேரத்தில் காத்கோடாம். 1884-இல் அங்கே வந்து சேர்ந்த ரயில் பாதை இன்றைக்கும் அங்கேயேதான் முடிகிறது. அதற்கு மேல் மலை. ஸ்டேஷன் வெளியிலேயே ஷேர் ஜீப் கிடைக்கும். நைனிடால் போகிற கூட்டம் போகட்டும், நீங்கள் அல்மோராவுக்கு ஏறுங்கள். வளைவுகள் அதிகம், அதனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் உட்காராதீர்கள்.

அல்மோரா 16ஆம் நூற்றாண்டில் சந்த் அரசர்கள் தலைநகராக்கிய ஊர். மலை முகட்டின் மேலேயே நீளமாக ஓடுகிறது பழைய கடைவீதி. தரையெல்லாம் கல் பாவியது. மாடிகளில் செதுக்கு வேலை செய்த மரச் சன்னல்கள். வழியில் பால் மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவைப் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை மேலே ஒட்டியிருப்பார்கள். மடுவா ரொட்டி என்று கொடுத்தால் தயங்காதீர்கள், அது நம் கேழ்வரகுதான்.

இந்த ஊருக்கும் நமக்கும் இன்னொரு உறவு உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் அல்மோராவைக் கடக்க முடியாது. 1896-இல் விவேகானந்தரின் சென்னை அன்பர்கள் 'பிரபுத்த பாரதா' என்று ஓர் ஆங்கில மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். ஆசிரியர் வத்தலக்குண்டு ராஜம் ஐயர். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதுதான். இரண்டே ஆண்டுகளில், 1898-இல், அவர் காலமாகிவிட்டார். பத்திரிகையும் நின்றுபோனது. விவேகானந்தர் அந்தக் கோடையில் அல்மோராவில் இருந்தார். அதை நிற்கவிட அவருக்கு மனமில்லை. ஆகஸ்டில் அதே பத்திரிகை அல்மோராவிலிருந்து வெளிவந்தது. ஒரு வத்தலக்குண்டு இளைஞர் வளர்த்த பத்திரிகை, இமயத்துக்கு எதிரே இந்த முகட்டு ஊரில் உயிர் பிழைத்தது! பின்னால் நடனக் கலைஞர் உதய் சங்கர் இதே ஊரில் கலை மையம் நடத்தியபோது, அங்கே பரதம் சொல்லிக்கொடுக்கப் போனவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. அந்தக் கடைவீதியில் நடக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஊரை விட்டு வெளியே வந்தால் பைன் மரங்கள். மலைச்சரிவு முழுக்க பைன். அடிமரத்தில் பட்டையைக் கீறி, கீழே ஒரு கிண்ணத்தைக் கட்டியிருப்பார்கள். வழிந்து சேர்கிற பிசினுக்கு லீசா என்று பெயர். டர்பன்டைன் அதிலிருந்துதான் வருகிறது. நமக்கு அந்த வாசனையே சுகமாக இருக்கும். ஆனால் அங்கே தலையில் புல்லுக்கட்டோடு போகிற பெண்களைக் கேட்டுப்பாருங்கள், பைனைப் பற்றி நல்ல வார்த்தை அதிகம் வராது. உதிர்ந்த ஊசியிலையை மாடு தின்னாது. கோடையில் அது ஒரு தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அவர்கள் கொண்டாடுகிற மரம் பாஞ்ச் எனும் ஓக். அதன் தழை மாட்டுக்குத் தீனி, அதன் சருகு மழைநீரைப் பிடித்துவைக்கும், அதற்குக் கீழேதான் ஊற்று வற்றாது என்பார்கள். பைன் அந்த மண்ணின் மரம்தான். ஆனால் ஆங்கிலேய வனத்துறை பிசினுக்காகவும் ரயில் பாதைக் கட்டைகளுக்காகவும் அதைப் பேணியது, மக்களின் உரிமைகளைச் சுருக்கியது. 1921-இல் ஜனங்கள் அந்தப் பைன் காடுகளுக்கே தீ வைத்தார்கள். ஓக் காடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எந்த ஊருக்குப் போனாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். யாராவது ஒருவர் உங்களை நௌலாவுக்குக் கூட்டிப்போவார். ஊற்றின் மேல் கல்லால் கட்டிய சிறு அறை அது. படிப்படியாகக் கீழே குறுகும் தொட்டி, சுவரில் பெரும்பாலும் ஒரு தெய்வ உருவம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். இதெல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்து தெரியாது. அதற்குத்தான் அந்த இரண்டாவது இரவு.

அல்மோராவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் கௌசானி. 1929-இல் காந்தி இங்கே தங்கித்தான் தம் கீதை உரையை முடித்தார். அந்த இடம் இன்று அனாசக்தி ஆசிரமம். வானம் தெளிந்திருந்தால் திரிசூல், நந்தாதேவி சிகரங்கள் எல்லாம் முற்றத்திலிருந்தே தெரியும். அக்டோபர், நவம்பரில் போங்கள். மே மாதம் காட்டுத்தீப் புகை மறைத்துவிடும். அங்கிருந்து கீழே இறங்கினால் பைஜ்நாத், கோமதி ஆற்றங்கரையில் பழைய கற்கோயில்கள். அப்புறம் பாகேஷ்வர். நாம் பொங்கல் வைக்கும் நாட்களில் அங்கே உத்தராயணித் திருவிழா. 1921 ஜனவரியில் அந்தத் திருவிழாக் கூட்டம்தான், கூலியில்லாக் கட்டாய வேலைக்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசியது. அந்த வேலைமுறை அதோடு ஒழிந்தது.

ரானிகேத், முக்தேஷ்வர், தேவதாரு மரங்களுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ள ஜாகேஷ்வர் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். அந்தப் 'பிரபுத்த பாரதா' பத்திரிகை அல்மோராவிலிருந்து 1899-இல் மாயாவதி ஆசிரமத்துக்குப் போனது. லோகாகாட் என்ற சிற்றூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அதற்கு காத்கோடாம் வேண்டாம், டனக்பூர் வரை ரயிலில் போய் அங்கிருந்து மலை ஏறுங்கள். ஆசிரமத்தில் தங்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.