ஆம்புலன்ஸ் யாரிடம் வாங்குவது? படுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்

வணக்கம் எல்லோருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, எங்கள் சங்கக் கட்டட வாசலில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் லோரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற நேரம். ஆம்புலன்ஸுக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று போன வீடியோவில் சொன்னேன். அதிலிருந்து, யாரிடம் வாங்கப் போகிறீர்கள் என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டின பாட்டிமார்கள் பத்து வெள்ளி (ரிங்கிட்), இருபது வெள்ளி என்று கொண்டுவந்து கொடுத்த பணம் அது.

மூன்று பேரிடமிருந்து கொட்டேஷன் வந்தது. மூன்றிலும் முதல் பக்கம் முழுக்க சைரன், எல்இடி விளக்கு, ஸ்டிக்கர். ஒன்றில் வென்டிலேட்டர்கூட சேர்த்திருந்தார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆள் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை. சரி, முதலில் நம் வேலை என்ன என்று எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். மாரடைப்பு, விபத்து என்றால் அவசர எண் 999தான், அதில் மாற்றமே இல்லை. எங்கள் வண்டிக்கு உள்ள வேலை வேறு. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், வாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போய்விட்டு உட்கார முடியாமல் வீடு திரும்புகிறவர்கள். ஐரோப்பாவில் இஎன் 1789 என்று ஆம்புலன்ஸுக்கு ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஏ வகை நோயாளியை ஏற்றிச் செல்வதற்கு, பி வகை அவசர சிகிச்சைக்கு, சி வகை நகரும் ஐசியு மாதிரி. எங்களுக்கு எந்த வகை வேண்டும் என்று சப்ளையர்களைக் கேட்டோம். ஒருவர் மட்டும்தான், “நீங்கள் யாரை ஏற்றப் போகிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் டெமோ வண்டி. ஒரு சப்ளையர் கொண்டுவந்து சங்க வாசலில் நிறுத்தி, சைரன் போட்டுக் காட்டினார், பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் பின்னால் ஏறி ஸ்ட்ரெச்சரில் படுத்து பெல்ட் மாட்டிக்கொண்டு, தோட்டத்துக்குள்ளே விடுங்கள் என்றேன். தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. செம்மண் சாலை தொடங்கினதும் என் தலைக்குப் பின்னால் டொக், டொக் என்று ஒரு சத்தம். தலையைத் திருப்பிப் பார்த்தால் ஆக்சிஜன் சிலிண்டர் அதன் பிடிக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. பிடியை மெல்லிய தகட்டில் நான்கு சின்ன ஸ்குரு போட்டு நிறுத்தியிருந்தார்கள். வண்டி மோதினால் உள்ளே இருக்கிற சாதனங்கள் தன் எடையைப் போல் பத்து மடங்கு விசைக்குத் தாங்கி நிற்க வேண்டும் என்று நான் சொன்ன அந்தத் தரத்தில் இருக்கிறது. 15 கிலோ சிலிண்டர் என்றால் 150 கிலோ இழுக்கிற மாதிரி. அந்த நான்கு ஸ்குரு தாங்குமா? அது நோயாளியின் தலைமாட்டில் இருக்கிற பொருள். கேட்டதற்கு, “இறுக்கிவிடலாம், பிரச்சினை இல்லை” என்றார். எங்களுக்கு அங்கேயே மனம் விட்டுப்போனது.

ஆக்சிஜன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ஈ சைஸ் சிலிண்டரில் 680 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உள்தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, செம்மண் சாலையில் மெதுவாக வந்து, அப்புறம் ஈப்போ போய்ச் சேர, சாலை நெரிசலையும் சேர்த்தால் அது போதாது. எஃப் சைஸ் 1,360 லிட்டர், அதே வேகத்தில் ஒன்றரை மணி நேரம் வரும். ஆகவே பெரியது ஒன்று வண்டியோடு, சின்னது ஒன்று கையில் தூக்கிப்போக. இரண்டுக்கும் ஒழுங்கான பிடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

வண்டியைப் பொறுத்தவரை டொயோட்டா ஹையேஸ்தான். ஃபோர்டு டிரான்சிட்டில் உள்ளே தாராளமாக நிற்கலாம், ஆனால் அகலம் இரண்டு மீட்டருக்கு மேல். லயத்துச் சந்தில் ஹையேஸ் நுழைகிற மாதிரி அது நுழையாது, ஸ்பேர் பார்ட்ஸும் ஹையேஸுக்கு எந்தப் பட்டறையிலும் கிடைக்கும்.

அடுத்தது நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது. புது வண்டியை எல்லோரும் நன்றாகத்தான் காட்டுவார்கள், அதனால் ஐந்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் செய்து கொடுத்த வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்டு, அங்கே போனோம். ஒரு சப்ளையர் செய்த வண்டியை ஓட்டுகிற அண்ணன் பின்கதவைத் திறந்து, “சைரன் இன்னும் நல்லாத்தான் இருக்கும்மா, இதைப் பாரு” என்று ஸ்ட்ரெச்சர் லாக்கைக் காட்டினார். உடைந்துபோய், பழைய பெல்ட்டால் கட்டி வைத்திருந்தார். தரையில் வினைல் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது, கீழே பலகை கறுத்துப்போயிருக்கிறது. இரத்தமும் கழுவின தண்ணீரும் அந்த இடுக்கில்தான் இறங்கும். எத்தனை முறை போன் செய்தும் ஆள் வரவில்லையாம். இன்னொருவர் செய்த வண்டியைப் போய்ப் பார்த்தோம், அதுவும் ஏறக்குறைய அதே வயதுதான். அதில் வினைலைச் சுவர் மேல் ஒரு சாண் ஏற்றி ஒட்டியிருந்தார்கள், தரை ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு இடுக்குகூட இல்லை. பின்பக்க ஏர்கோனும் மத்தியானம் இரண்டு மணி வெயிலில் ஜில்லென்று வந்தது. வண்டி எப்படி இருக்கிறது என்று யார்தான் என்னிடம் வந்து கேட்கிறார்கள் என்று அந்த வண்டி ஓட்டுநர் சொன்னார், “ஆனா பட்டறைக்காரர் வருசத்துக்கு ஒரு தடவை கேட்பார்” என்றார்.

இன்னொன்று, கிரான், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம். வேனை ஆம்புலன்ஸாக மாற்றினால் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும், புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும், அதை யார் செய்து முடிப்பது என்பது கொட்டேஷனிலேயே எழுதியிருக்க வேண்டும். “அதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டவரும் அந்த இரண்டாவது வண்டியைச் செய்தவரும் ஒரே ஆள்தான். மூன்று கொட்டேஷனில் அவருடையது குறைந்த விலை இல்லை. வண்டி வந்து, அதே செம்மண் சாலையில், சிலிண்டர் இரண்டையும் மாட்டி, நான் மறுபடி படுத்து ஒரு சுற்று போன பிறகுதான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். “எழுதுங்க, நானும் கூட வந்து உட்கார்றேன்” என்றார். அதற்கப்புறம்தான் எங்கள் தலைவர் கையெழுத்துப் போட்டார்.