21 மணி நேர டிவி நிகழ்ச்சி ஒரு நோயைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தது?

(திரையில்: பழைய மேடைக் காட்சி. பின்னால் பெரிய எண் பலகை.)

1966 செப்டம்பர், நியூயார்க். டிவியில் நன்கொடை நிகழ்ச்சி நடக்கிறது. போனில் தொகை சொல்லச் சொல்ல, பலகையில் எண் ஏறுகிறது. பலகையில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம். பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும் என்ன செய்வது? தொகுப்பாளர் ஜெர்ரி லூயிஸ் பெயின்ட் எடுத்து, இடது ஓரத்தில் தன் கையாலேயே ஒரு '1' போட்டார்.

அவர் ஊரறிந்த நகைச்சுவை நடிகர். பணம் திரட்டியது தசைச் சிதைவு நோய்க்கான சங்கத்துக்காக. அன்றிலிருந்து 2010 வரை, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையையொட்டி வரும் விடுமுறையில் அவர் திரையில் வந்துவிடுவார். பெரும்பாலான வருடங்களில் ஏறத்தாழ 21 மணி நேரம், விடிய விடிய. மொத்த வசூல் 200 கோடி டாலருக்கும் மேல்.

நோயின் பெயர் வீட்டுக்கு வீடு போனது. சரி, அது என்ன நோய் என்பது போய்ச் சேர்ந்ததா?

(திரையில்: தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன், கோட்டோவியமாக.)

இந்த நோயில் பல வகை உண்டு. குழந்தைகளிடம் அதிகம் காண்பது டுஷேன் வகை. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். மூன்று நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். முதலில் கையை ஊன்றுவான். அப்புறம் முழங்காலைப் பிடிப்பான். பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் நல்ல சதைப்பற்றோடு தெரியும். பார்ப்பவர்கள் பிள்ளை திடமாக இருக்கிறான் என்று நினைப்பார்கள். பதின்வயதைத் தொடும்போது பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. நடுவயதில் தொடங்கும் வகைகளும் இருக்கின்றன.

ஆனால் அந்த மேடையில் எப்போதும் முன்னால் நின்றது குழந்தைதான். 'ஜெர்ரியின் குழந்தைகள்' என்றே பெயர். பாவம் என்று தோன்ற வேண்டும், போனை எடுக்க வேண்டும். நிகழ்ச்சியின் கடைசியில் ஜெர்ரி லூயிஸ் வருடா வருடம் ஒரு பாட்டுப் பாடுவார்: நீ ஒருநாளும் தனியாக நடக்க மாட்டாய் என்று. எதிரே சக்கர நாற்காலியில் பிள்ளைகள். யாருக்குமே உறுத்தவில்லையா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பணம் வீண்போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டுஷேன் நோய்க்குக் காரணமான மரபணுவை 1986ல் பாஸ்டனில் விஞ்ஞானி லூயிஸ் குங்கல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வுக்கு இந்தச் சங்கத்தின் பணமும் போயிருக்கிறது.

இப்போது இன்னொரு காட்சி. 2000 மார்ச். செய்தி வாசிப்பாளர் கேட்டி கூரிக், கணவரைப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தனக்குச் செய்த கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையை டிவியிலேயே காட்டினார். அதற்கு முன் ஒரு டாக்டர் மாதத்துக்குச் சராசரியாக 15 பரிசோதனை செய்தார் என்றால், பின் அது 18க்குச் சற்று மேலே போனது. மாதக்கணக்கில் அந்த உயர்வு நின்றது. இது வேறு வகை நோய், நேர் ஒப்பீடு ஆகாது. ஆனால் கூரிக் டிவி பார்த்தவர்களிடம் கேட்டது, போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று. ஜெர்ரி லூயிஸ் கேட்டது காசு. ஜனங்கள் இரண்டு இடத்திலும் கேட்டதைத்தான் செய்தார்கள். டிவியால் விழிப்புணர்வு கூடுமா என்றால் கூடும் என்பேன். ஆனால் அந்த நிகழ்ச்சி உங்களை என்ன செய்யச் சொன்னதோ, அந்த அளவுக்குத்தான்.

(திரையில்: 1990.)

அந்த வருடம் ஜூலையில், மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டத்தில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். செப்டம்பரில் ஜெர்ரி லூயிஸ், தனக்கே அந்த நோய் வந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து ஒரு பத்திரிகையில் எழுதினார். அதில் அவர் போட்ட வார்த்தை, 'பாதி மனிதன்'.

கோபம் வெடித்தது. சிகாகோவில் மைக் எர்வின் என்பவர் தட்டி பிடித்துப் போராட்டத்தில் இறங்கினார். குழுவுக்கு வைத்த பெயர் 'ஜெர்ரியின் அனாதைகள்'. அவரும் தசை நோயோடு வளர்ந்தவர், சின்ன வயதில் அதே நன்கொடைப் போஸ்டரில் இருந்தவர். அதற்கு முன்பே அவர் ஊரில் நடத்திக்கொண்டிருந்த சண்டை வேறு ஒன்றுக்காக: சக்கர நாற்காலியோடு ஏறுவதற்கு டவுன் பஸ்ஸில் ஒரு லிஃப்ட்.