காலிப் படுக்கையைக் காட்டிக் கணக்கை மூடாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். கொடுத்த நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடற்றோர் காப்பகங்களுக்கும் அவர்களுக்கான சேவைகளுக்கும் அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். இருக்கிற காப்பகங்களிலேயே படுக்கை காலியாகக் கிடக்கிறது, இன்னும் எதற்குப் பணம் என்றார். கொடுத்த பணத்தையே மாநிலங்கள் செலவு செய்யவில்லையே என்றார். எல்லாம் இலவசமாகக் கொடுத்தால் உழைக்க யார் வருவார்கள் என்றார். அவருக்குப் பின்னால் பேசிய அம்மா, காப்பகம் எதற்கு, பின்லாந்து மாதிரி வீடு கொடுங்கள் என்று பின்லாந்து வரைக்கும் போய்விட்டு வந்தார், அங்கேயும் போவோம்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிடும். 2025 பிப்ரவரியில் வீடற்றோர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, இலவசங்களைக் கொடுத்து ஒட்டுண்ணிக் கூட்டத்தை உருவாக்குகிறோமா என்று நீதிபதி கேட்டார். அதைத்தான் எதிரணித் தலைவர் கையில் எடுத்திருக்கிறார். சரி, நீதிபதி கேட்ட கேள்வி தீர்ப்பாகிவிடாது. யார் இந்த உழைக்காதவர்கள்? கோயம்பேட்டில் நள்ளிரவு லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர், பாரிமுனையில் மீன்பாடி வண்டி மிதிக்கிறவர், கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் இலை எடுக்கிறவர், காலையில் நீங்கள் சாமி படத்துக்கு வாங்கும் சரத்தைக் கட்டித் தருகிறவர், இப்படிப்பட்டவர்கள் நடைபாதையில் எத்தனையோ பேர். வேலை கிடைக்கிற இடத்தில் வாடகை கட்டுப்படியாகாது, வாடகை கட்டுப்படியாகிற இடத்தில் வேலை கிடையாது, அவ்வளவுதான் கதை. 1985லேயே பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டு, வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்றது. (முறையாக நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எதிரணி எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.)

இப்போது அந்தக் காலிப் படுக்கை. அவர் கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான், சுற்றிவளைத்துத் தப்பிக்கப் போவதில்லை. பல காப்பகங்களில் படுக்கை காலியாக இருப்பது உண்மை. ஆனால் ஏன் காலி என்று அவர் கேட்கவே இல்லையே!

சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலையிலோ வால்டாக்ஸ் சாலையிலோ கடை ஷட்டர் இறங்கின பிறகு ஒரு நடை போய்ப் பாருங்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்து விரிப்பார்கள், அதன் மேல் ஒரு பழைய புடவை, ஷட்டர் பூட்டில் பிள்ளையின் ஸ்கூல் பை தொங்கும், சுவரோரமாகப் பாத்திர மூட்டை, தண்ணீர்க் குடம், மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு தார்ப்பாய். அப்பா, அம்மா, பதினைந்து வயதுப் பையன், எட்டு வயதுப் பெண், கண் சரியாகத் தெரியாத ஆயா. அந்த ஆயாவே இதே தெருவில் பிறந்தவராக இருப்பார், தலைமுறை தலைமுறையாக நடைபாதைதான் விலாசம். இந்தக் குடும்பத்தைக் காப்பகத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் என்ன ஆகும்? நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று என்று பிரித்து நடத்துகிற காப்பகங்கள். அப்பா ஒரு பக்கம், அம்மாவும் பெண்ணும் இன்னொரு பக்கம், பையன் வேறு எங்கோ. பாத்திர மூட்டையை எங்கே வைப்பது? வண்டியை எங்கே நிறுத்துவது, காலையில் அது இருக்குமா? விடியற்காலை இரண்டு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அந்த நேரத்தில் எழுந்து கதவு திறக்க ஆள் உண்டா? நடுவர் அவர்களே, உங்கள் குடும்பத்தை இப்படிப் பிரித்து நான்கு சுவர் தருகிறேன் என்றால் போவீர்களா? நான் போக மாட்டேன்.

குடும்பமாகத் தங்கும் காப்பகம் யாருக்கும் தோன்றாத யோசனை ஒன்றும் இல்லை. மத்திய அரசு 2013இல் கொண்டுவந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே குடும்பக் காப்பகம் இருந்தது. அதற்குத் தடுப்பு போட்ட அறை வேண்டும், பூட்டுகிற அலமாரி வேண்டும், கூடுதல் கழிப்பறை வேண்டும், பிழைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும். எல்லாம் காசு.

காசு எவ்வளவு கொடுத்தோம் என்று பார்ப்போமா? அதே திட்டத்தில் 50 பேர் தங்கும் ஒரு காப்பகத்தை நடத்த வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய். கேட்கும்போது பெரிய தொகை மாதிரி இருக்கும். மாதத்துக்கு 50,000. ஒரு மேலாளர், எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில் மூன்று காப்பாளர்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே நெறிதான். ஆளுக்கு 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள் (அந்தச் சம்பளத்துக்குச் சென்னையில் இரவு வேலைக்கு யார் வருவார் என்பது தனிப் பட்டிமன்றம்), 40,000 போயிற்று. மிச்சம் இருக்கிற 10,000இல் கரண்ட் பில், லாரித் தண்ணீர், பினாயில், போர்வை துவைக்கிற செலவு, உடைந்துபோன கழிப்பறைக் கதவு, ஜுரம் வந்தவருக்கு ஆட்டோ. மொத்தத்தையும் 50 பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய். பெட்டிக்கடையில் மூன்று டீ. இந்தப் பணத்தில் நடக்கிற இடத்தில் கழிப்பறை நாறும், மூட்டைப் பூச்சி கடிக்கும், காப்பாளர் எரிந்து விழுவார், வந்தவர் மறுநாளே நடைபாதைக்குத் திரும்பிவிடுவார். அப்புறம் நாம் போய்ப் படுக்கையை எண்ணி, காலி என்று எழுதிக்கொண்டு வந்து, அதனால் பணம் வேண்டாம் என்கிறோம்! பணம் போதாததால் வந்த நிலைமையையே பணம் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகக் கூட்டி வருகிறார் எதிரணித் தலைவர்.

தேவை இல்லாததால்தான் காலி என்று இன்னமும் நினைத்தால், பெரிய அரசு மருத்துவமனை எதற்காவது ராத்திரி போய் வாருங்கள். உள்ளே நோயாளி, வராண்டாவில் பேப்பர் விரித்துப் படுத்திருப்பது கூட வந்தவர்கள். இவர்களுக்கென்று மருத்துவமனை வளாகத்திலேயே சிறப்புக் காப்பகம் அமைக்கும் ஏற்பாடு சென்னையில் இருக்கிறது, நல்ல காரியம். அந்த வராண்டாவில் நின்றுகொண்டு ஊரில் படுக்கையெல்லாம் காலி என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

செலவு செய்யாத பணம் என்றார். உண்மைதான். 2016இல் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. அதற்கு முன்னால் 2010இல், டெல்லியின் குளிர்காலத்தில் பூசா சாலையில் இருந்த ஒரு தற்காலிகக் காப்பகத்தை இடித்ததிலிருந்து கிளம்பிய விவகாரத்தில்தான், நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இவ்வளவு சொல்லியும் ஏன் தேங்கியது? அந்த 6 லட்சமும் ஐந்து வருடத்துக்குத்தான். ஆறாவது வருடம் யார் கொடுப்பார் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த நகராட்சி ஆணையர் இதை நம்பித் துணிந்து கட்டடம் கட்டுவார்? 2024இல் அந்த இயக்கமே முடிவுக்கு வந்துவிட்டது. ஆகவே செலவாகாத பணத்தைக் காட்டி ஒதுக்கீட்டை வெட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வருடா வருடம் கட்டாயம் வரும் என்று தெரிந்தால்தான் அதை நம்பி ஆள் போடுவார்கள்.

பின்லாந்து. அந்த அம்மா சொன்னது சரி. 2008லிருந்து அவர்கள் முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று கொள்கையை மாற்றி, இரவு விடுதிகளையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். ஆனால் அம்மா, அது பணத்தைக் குறைத்துச் செய்த வேலை இல்லையே! கட்டடத்துக்கும் கொடுத்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பணியாளருக்கும் சம்பளம் கொடுத்துச் செய்தது. நீங்கள் எங்கள் அணியில் உட்கார வேண்டியவர். நாமும் வீடு கொடுத்துப் பார்த்தோம், சென்னையின் ஓரத்தில், கண்ணகி நகர், பெரும்பாக்கம். வேலையிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். பஸ்ஸுக்கும் பிழைப்புக்கும் கட்டுப்படியாகாமல் எத்தனையோ பேர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். வீடு தயாராகிற வரைக்கும் இன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதும் ஒரு கேள்வி.

சேவைகள் என்ற சொல்லும் தலைப்பில் இருக்கிறது, அதை எதிரணி தொடவே இல்லை. சிக்குப் பிடித்த தலையோடு ரயில் நிலைய வாசலில் தனியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குப் படுக்கை மட்டும் போதுமா? 1993இல் சென்னையில் தொடங்கிய தி பேன்யன் என்ற தொண்டு நிறுவனம், இப்படி மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்கு மருந்தும் கொடுத்து, ஊர் விசாரித்து வீட்டுக்கும் அனுப்பியது. போக வீடில்லாதவர்களைச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து நாலைந்து பேராகக் குடிவைத்தது. முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஒரு தொண்டு நிறுவனம் எத்தனை ஊருக்குச் செய்யும்? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், இரவில் சுற்றிவரும் வண்டி என்றால் அரசு பட்ஜெட்டில்தான் கை வைக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் எண்ணி, நாடு முழுக்க வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் என்றார்கள். போலீஸ் விரட்டினால் தெரு மாறிப் படுக்கிறவர்களை ஒரே ராத்திரியில் எண்ணினால் எவ்வளவு விடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். இத்தனை பேருக்கு எப்படி முடியும் என்றும் கேட்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் பள்ளிக்கூடமும் சமுதாயக் கூடமும் திறந்தன, சாப்பாடு வந்தது, டாக்டர் வந்தார். கொரோனா நமக்கும் ஒட்டும் என்ற பயம் வந்ததும் பணமும் வந்தது.

எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான்: 33 ரூபாயை ஒரு மனிதன் தங்கக்கூடிய தொகையாக்குங்கள், ஐந்து வருடக் கெடுவை எடுங்கள், அடுத்த காப்பகம் கட்டும்போது குடும்பத்தோடு தங்குகிற மாதிரி, வேலை இருக்கிற தெருவுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கை எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் வைத்திருக்கிறார், அவரிடம் விட்டுவிட்டு உட்காருகிறேன்.