தண்ணீருக்கு வழிவிடும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்கி, நடைபாதைகளைச் செப்பனிடும் தொண்டு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குப்பை பொறுக்குவது, வழிகாட்டிப் பலகை நடுவது, குறுக்கே விழுந்த மரத்தை அகற்றுவது என்று ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதெல்லாமும் உண்டுதான். ஆனால் வாரத்தின் பெரும்பகுதி தண்ணீருக்காகவே போகும். பாதையில் விழுகிற மழைநீர் பாதையோடு ஓடக் கூடாது, உடனே ஓரமாக இறங்கிவிட வேண்டும். நாங்கள் வெட்டுவதும் நிரப்புவதும் கல் அடுக்குவதும் பெரும்பாலும் இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

மலைப்பாதை எப்படிக் கெடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சரிவில் ஒழுங்காக வெட்டிய புதுப்பாதை, பள்ளத்துப் பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கும். ஒரு மீட்டர் அகலப் பாதை என்றால் வெளி ஓரம் 5 சென்டிமீட்டர் அளவு தாழ்ந்திருந்தால் போதும். நடப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அப்புறம் ஆட்கள் நடக்க நடக்க நடுவில் மண் இறுகி அமுங்குகிறது. மேட்டிலிருந்து சரிந்து வரும் மண்ணும் சருகும் வெளி ஓரத்தில் சேர்ந்து வரப்பாக எழும்பிவிடுகிறது. அதோடு பாதை வாய்க்காலாகிவிட்டது. மழை பெய்தால் வெளியேற இடமில்லாமல் தண்ணீர் அதற்குள்ளேயே ஓடும், ஓட ஓட வேகம் கூடும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை கூடும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அதனால்தான் மேலே ஒரு முழத்துக்கு அடைத்துக்கொண்ட வடிகால், கீழே ஒரு திருப்பத்தையே அரித்துத் தள்ளிவிடுகிறது.

அதோடு நிற்பதில்லை. பாதை பள்ளமாகி வேர்கள் வெளியே தெரிந்தால், நடப்பவர்கள் பக்கத்துப் புல்லில் கால் வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாருக்குத்தான் சேற்றில் நடக்கப் பிடிக்கும்? ஆனால் அந்தப் புல்லும் சில மாதங்களில் தேய்ந்து, பாதை இரண்டாகி, மூன்றாகி, மலைமேல் அகலமான காயமாகிவிடும். உயரமான இடங்களில் செடிகொடி மறுபடி முளைத்து மூட பல ஆண்டுகள் ஆகும். எந்த மலையை ரசிக்க மக்கள் ஏறுகிறார்களோ, அவர்கள் கால்களே அந்த மலையைக் கரைக்கின்றன. எனக்கு இந்த வேலை மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இதுதான் காரணம். மலைக்குப் போகாதே என்று யாரையும் தடுக்க எனக்கு மனம் வராது. போகிறவர்களைத் தாங்குகிற பாதையை அமைத்துக் கொடுக்கத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு வைத்தியம் என்ன? வெளி ஓரத்தில் எழுந்த வரப்பை வெட்டி எடுத்து, பழைய சாய்வைத் திருப்பிக் கொண்டுவருவது முதல் வேலை. அடுத்து, இறக்கத்தில் போகிற பாதையை ஆங்காங்கே சில அடி தூரம் மேலேற்றி மறுபடி இறக்குவது. தண்ணீரால் அந்தச் சின்ன மேட்டை ஏற முடியாது, அங்கேயே வெளியே போய்விடும். ஏற்கெனவே செங்குத்தாகப் போட்டுவிட்ட பழைய பாதைகளில் இதற்கு இடமிருக்காது. அங்கே மரக்கட்டையையோ கற்களையோ பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்து நீரைத் திருப்புவோம். நேர்க்குறுக்காகப் பதித்தால் மண் சேர்ந்து ஒரே மழைக்காலத்தில் மூடிவிடும். சாய்வாக இருந்தால் தண்ணீர் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும், தன் வண்டலையும் தானே அடித்துக்கொண்டு போகும். ஆனாலும் இவற்றை ஆண்டுதோறும் யாராவது வந்து தூர்வார வேண்டும், இலையுதிர் காலம் முடிந்ததும் கட்டாயம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மண்வெட்டியுடன் ஏறி, பாதை நெடுகிலும் வடிகால்களைத் திறந்துவிட்டபடியே இறங்குவார்கள். படம் எடுத்துப் போடும்படியான வேலை இல்லை. ஆனால் மலைப்பாதைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்பேன்.

பாதை போடுகிறவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பாதையின் ஏற்றம், அது போகிற மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையிலேயே திரும்பிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த மலையில் நடந்தாலும் உங்கள் கண் தானாக அளக்க ஆரம்பித்துவிடும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். மண்வெட்டி, கடப்பாரை, கவாத்துக் கத்திரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். மலைப்பாதைக்காரர்கள் விரும்பிப் பிடிப்பது புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறு பக்கம் கொத்து. 1910-இல் அமெரிக்காவின் ஐடஹோ காடுகளில் பெருந்தீ எரிந்தபோது, தன் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று பெரும்பாலானோரின் உயிரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கி. இந்தக் கருவிக்கு வடிவம் கொடுத்துப் பரவச் செய்தவர் அவர்தான். வேரையும் வெட்டலாம், மண்ணையும் கொத்தலாம் என்பதால் சுமையில் ஒரு கருவி குறைகிறது.

இன்னொன்று, இருவர் இழுக்கும் நீள ரம்பம். இயந்திர ரம்பம் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். அமெரிக்காவில் 1964-இல் வந்த வனாந்தரச் சட்டம், அதன்படி காக்கப்படும் நிலங்களில் பொதுவாக மோட்டார் கருவிகளை அனுமதிப்பதில்லை. அதனால் அங்கே பாதையில் விழுந்த பெருமரங்களைக் கையால்தான் அறுக்கிறார்கள். இதில் இழுக்க மட்டும்தான் வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து சிக்கும். நீங்கள் இழுத்து முடித்ததும் கையைத் தளரவிட வேண்டும், எதிரில் இருப்பவர் இழுப்பார். இரண்டு பேருக்கும் தாளம் பிடித்துவிட்டால் களைப்பே தெரியாது. ஆனால் விழுந்து கிடக்கும் மரம் சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். வளைந்து அழுந்தி நிற்கும் மரம் வெட்டுப்பட்டதும் எந்தப் பக்கம் துள்ளும் என்று பழகியவர்தான் சொல்ல முடியும். தொண்டர் ஆர்வத்தால் ரம்பத்தை எடுக்கும் இடம் இதுவல்ல. தேர்ச்சி பெற்றவர் அறுக்கட்டும், நீங்கள் கிளைகளை இழுத்துப் போடுங்கள்.

இப்போது கல். வாரம் முழுக்கச் செய்யும் வேலைகளில் எனக்கு மிகப் பிரியமானது கல் பதிப்பதுதான். ஒருவர் சுலபமாகத் தூக்கிவிடும் கல், நடப்பவர் காலடியில் சுலபமாக ஆடவும் செய்யும். அதனால் படிக்கு எடுக்கிற கல் பெரியதாக இருக்க வேண்டும். அதைத் தூக்க மாட்டோம், கடப்பாரையால் நெம்பி, அடியில் சிறு கல் வைத்து, மறுபடி நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். குழி வெட்டி, கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும்படி இறக்கி, மேலே ஏறி நின்று ஆட்டிப் பார்க்க வேண்டும். துளி ஆடினாலும் வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து. மண்ணை அடித்துச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும், அந்த மண்ணை முதல் மழையே கொண்டுபோய்விடும். சந்துகளில் உடைத்த கல்லைத்தான் இறுக்க வேண்டும். கல் உடைக்கும்போது கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. கல்லை நகர்த்தும்போது அதற்குக் கீழ்ப்பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. ஒரே ஒரு படிக்கட்டில் ஒரு குழுவின் முழு நாளும் போய்விடும். அதைப் பார்த்து மனம் தளர்கிறவர்கள் உண்டு. ஆனால் கிலோமீட்டர் கணக்கு வைத்தால் இந்த வேலை பிடிபடாது. ஒழுங்காகப் பதித்த படி பல பத்தாண்டுகள் அசையாது.

தோண்டும்போது இன்னொரு விஷயம். மேலே கருப்பாக, மிருதுவாக இருக்கும் மக்குமண் செடிக்குத்தான் நல்லது, பாதைக்கு ஆகாது. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சேறாகும். அதை வழித்தெடுத்து, அடியிலுள்ள கெட்டியான மண் வரும்வரை போக வேண்டும். சதுப்பான இடத்தில் அந்தக் கெட்டி மண் எட்டவே எட்டாது. ஏரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட இடங்களில் செம்மறி ஆட்டு ரோமத்தைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் கல்லும் மண்ணும் கொட்டிப் பாதையை மிதக்கவிட்டிருக்கிறார்கள். பாதை கீழே அமிழாமல் ரோமம் தாங்குகிறது.

முதல் நாள் உற்சாகத்தில் எல்லோரும் வேகமாகக் கொத்துவார்கள். மூன்றாம் நாள் காலை தோளும் இடுப்பும் பேசும். அதன்பிறகுதான் குழுவுக்குச் சரியான வேகம் பிடிபடும். பழகியவர்கள் கருவியின் எடையே வேலை செய்யட்டும் என்று விடுவார்கள், இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். ஆளுக்கு ஆள் 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். நடக்கும்போது கருவியைத் தோளில் சாய்க்காமல் பள்ளத்துப் பக்கத்துக் கையில் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும், வழுக்கினால் உங்கள்மேல் விழாமல் கீழே வீசிவிடலாம். வழியில் யாராவது நடந்து வந்தால் வேலையை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, அவர்கள் முழுக்கக் கடந்த பிறகு தொடர வேண்டும். அவர்களில் சிலர் நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள், அதுவும் வேலையில் ஒரு பகுதிதான்.

முகாம் வாழ்க்கையில் நான் அழுத்திச் சொல்வது கை கழுவுவதை. ஒருவருக்கு வயிறு கெட்டால் இரண்டு நாளில் குழுவே படுத்துவிடும். கழிப்புக் குழி நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். இடி முழங்கினால் இரும்புக் கருவிகளை அங்கேயே வைத்துவிட்டு முகட்டிலிருந்து இறங்கிவிடுங்கள்.

இதெல்லாம் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இல்லையா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பெரிய தாங்கு சுவர், பாலம், பாறை உடைப்பு போன்றவற்றுக்குத் தொழில் தெரிந்தவர்களை அமர்த்திக் கூலி கொடுப்பதுதான் முறை. தொண்டர்கள் இருக்கிறார்கள் என்று அந்த வேலையாட்களைக் குறைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் தொண்டர்களால் ஆகக்கூடியதைக் குறைத்தும் பேச வேண்டாம். அமெரிக்காவில் 1921-இல் பெண்டன் மெக்கே என்ற வனவியலாளர் முன்வைத்த அப்பலாச்சியன் நெடும்பாதை 1937-இல் முழுமையானது. ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். அதில் பெரும்பங்கு தொண்டர் உழைப்பு. இன்றைக்கும் அதை நடைச் சங்கங்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பராமரிக்கின்றன. ஒரு பகுதியை ஒரே ஆள் வருடக்கணக்காகக் கவனிப்பதும் உண்டு. எங்கே எந்த வடிகால் அடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடமாகவே தெரியும்.

ஆகவே ஒரு வாரப் பயணத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் சிலவற்றைக் கேளுங்கள். குழுத்தலைவர் இந்தப் பாதைக்கு முன்பே வந்து பார்த்தவரா? போன ஆண்டு செய்த வேலை எப்படி நிற்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? முதலுதவி தெரிந்தவர் உடன் வருகிறாரா? முகாமிலிருந்து வேலையிடத்துக்குத் தினமும் எவ்வளவு ஏற வேண்டும்? பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு குழுவைத் தேடுங்கள். தலைமை சரியில்லாத குழு தோண்டிய வடிகால், தோண்டாமல் விட்டதைவிட அதிகம் கெடுக்கும். உடம்பு வலுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கிளை வெட்டுவது, வெட்டியதைப் பாதையிலிருந்து தெரியாத இடத்தில் போடுவது, சிறு கல் பொறுக்கி வருவது என்று எல்லோருக்கும் ஏற்ற வேலை இருக்கிறது. காலணியை மட்டும் புதிதாக வாங்கி அணிந்துகொண்டு வராதீர்கள், சில வாரங்கள் போட்டுப் பழக்கியதை அணியுங்கள். தடித்த கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்தால் மற்றது உதவும்.

நன்றி, வணக்கம்.